வலப்பக்க பெஞ்சு

காலை பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தது. பதினொன்று இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரியின் தலைக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் தொங்கியதால் எனக்கு நிமிடம் தப்பாமல் நினைவிருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பிரிவுபசார நாளில், புதிதாகச் சேர்ந்திருந்த நீங்கள் நான்கு பேரும் என்னைச் சுற்றிக்கொண்டு, "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இருந்து எங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டீர்கள். நான் மைக்கில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏன் விருப்ப ஓய்வு என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். ஆனால் அதற்காக யாரும் வேலையை விடுவதில்லை.

நம் பள்ளி பரவைக்குப் பக்கத்தில் இருப்பது, பிள்ளைகளில் பாதிப் பேர் காய்கறி மார்க்கெட்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு எப்படி நடந்தது என்பது தெரியாமல் இருக்கலாம். தமிழ் வழி, ஆங்கில வழி என்று பதிவேட்டில் இரண்டு பிரிவு. அறை ஒன்றுதான். அறிவியலுக்கு நான் ஒருத்திதான். இடப்பக்க பெஞ்சுகளில் தமிழ் வழி, வலப்பக்கத்தில் ஆங்கில வழி. பாடத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தமிழில் நடத்துவேன். கடைசிப் பத்து நிமிடம் வலப்பக்கம் திரும்பி, கேள்வியையும் பதிலையும் ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதுவேன். அவர்கள் எழுதிக்கொண்டு போய் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். இடப்பக்கம் புரிந்ததை எழுதும், வலப்பக்கம் எழுதியதை ஒப்பிக்கும். இதைத்தான் நாங்கள் ஆங்கில வழிக் கல்வி என்று மே மாதத்து வெயிலில் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனோம்.

பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளை நானே எல்.கே.ஜி.யிலிருந்து நகரத்தில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்க வைத்தேன். அரசுப் பள்ளி ஆசிரியை, ஆனையூரில் சொந்த வீடு, மகளுக்கு மட்டும் வேன் வைத்து ஆங்கிலப் பள்ளி. எனக்கு இருந்த அதே பயம்தான் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும். நாளைக்கு நம் பிள்ளை எங்கேயாவது வாய் திறக்க முடியாமல் நின்றுவிடுமோ என்கிற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்ததால்தான் அதை வைத்துப் பேச எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

அந்த ஆய்வு நடந்த வருடம் ஜூலை கடைசியில் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலப் பிரிவில் இரண்டு பிள்ளைகள் குறைகிறார்கள். ஆகஸ்டில் தலை எண்ணும்போது எண்ணிக்கை இல்லையென்றால் பிரிவு போய்விடும். பிரிவு போனால் ஓர் ஆசிரியர் உபரி. பள்ளியில் சேர்ந்த வரிசைப்படி அந்த உபரி நான்தான். பணி நிரவலில் மாவட்டத்தின் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் அனுப்புவார்கள். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கணவர் வெளியூரில் வேலை. விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு வந்தால் அவளை யார் பார்ப்பது?

அவர் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர். பெயர் வேண்டாம். அன்றைக்கும் ஒன்று கற்றுக்கொடுத்தார்.

"மொதல்ல பிரிவக் காப்பாத்துங்கம்மா. பிரிவு இருந்தாத்தான் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் இருந்தாத்தான் பிள்ளைக. தமிழ்ப் பக்கம் நல்லாப் படிக்கிற பிள்ளையாப் பாத்து ரெண்ட இந்தப் பக்கம் நகத்துங்க. மக்குப் பிள்ளைய நகத்துனா பெயிலாயிரும். நல்ல பிள்ளைன்னா சமாளிச்சுக்கிரும்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒருவனின் தாய் அன்றே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவன் எப்படியோ தேறிவிட்டான். இன்னொருத்தி முத்துமாரி.

முத்துமாரியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஆவியாதல் நடத்தினேன். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று விளக்கி முடித்ததும் எழுந்து நின்றாள்.

"அப்பறம் ஏன் டீச்சர் மழை நாள்ல பானைத் தண்ணி அம்புட்டாக் குளிர மாட்டேங்குது? வெளிய குளிரு. தண்ணி இன்னும்ல சில்லுன்னு ஆகணும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் புத்தகத்தைப் புரட்டி, மறுநாள் காற்றின் ஈரப்பதம் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"அப்ப காத்து ஏற்கெனவே வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருக்கு. அதான் நம்ம பானைத் தண்ணிய வேணாங்குது."

வகுப்பே சிரித்தது. அது கேலி இல்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு ஈரப்பதம் என்றாலே நான் எல்லா வகுப்பிலும் அவள் வாக்கியத்தைத்தான் சொன்னேன்.

அவளுடைய அப்பாவைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர் தோள்துண்டை உதறிக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"நெசமாவா டீச்சர்? நம்ம பிள்ளையா? இங்கிலீஷ் மீடியத்துக்கா?"

பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி கேலி செய்தார். "மாப்ள, இனிமே வீட்டுல ஒன்னைய டாடின்னுதான் கூப்புடும். நீ பெட்டி தூக்கிட்டுப் போயி வாசல்ல நின்னா, யாரு நீங்கன்னு இங்கிலீஷ்ல கேக்கும்."

"கேக்கட்டும்யா. கேக்கட்டும்னுதான தூக்குறேன்" என்றார் அவர். எனக்கு ஒரு டீ சொன்னார். அந்த டீயை நான் குடித்தேன்.

முத்துமாரிதான் மறுநாள் என்னிடம் வந்து நின்றாள். "எனக்கு வேணாம் டீச்சர். நான் இந்தப் பக்கமே இருக்கேன்."

"ஒரே ரூம்தானேடி? நானேதான் நடத்தப் போறேன். மூணு பெஞ்சு தள்ளி உக்காரப் போற, அம்புட்டுத்தான்."

"பதில் எழுத வராது டீச்சர்."

"பழகிரும்."

என் பணிக்காலத்தில் பிள்ளைகளிடம் நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும். நீங்களும் சொல்வீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் எவ்வளவு அன்பாக இருக்கிறது என்று கவனியுங்கள். என் குரலும் அன்றைக்கு மிகவும் அன்பாகத்தான் இருந்தது.

அவள் வலப்பக்கம் போனாள். ஆகஸ்டில் எண்ணினார்கள். பிரிவு தப்பியது. என் இடமும் தப்பியது. செப்டம்பரில் ஒரு நாள் அடுப்படியில் நிற்கும்போதுதான் தோன்றியது, முத்துமாரி கேள்வி கேட்டே பல நாள் ஆகிவிட்டதே என்று. பாடம் கவனிக்கிற நேரத்திலும் கரும்பலகையில் ஆங்கில வரி எப்போது விழும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். தேர்வில் எழுபது, எண்பது என்று மதிப்பெண் வந்துகொண்டுதான் இருந்தது. சமாளித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதற்குத்தானே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் ஆய்வு. எந்த அதிகாரி எந்தப் பதவி என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. ஆய்வுக்கு வகுப்பைத் தயார் செய்ய எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தமிழ் வழிப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவோம். வலப்பக்கத்துப் பிள்ளைகளை அறை முழுக்கப் பரப்பி உட்கார வைப்போம். ஐந்து கேள்வி, ஐந்து பதில், ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு ஒன்றாக ஒரு வாரம் ஒப்பிக்க வைத்திருப்போம். நடத்திய பாடங்கள் இவை என்று ஒரு தாளை அதிகாரியிடம் நீட்டினால் பெரும்பாலும் அதிலிருந்துதான் கேட்பார்கள். கேட்டதும் அந்தக் கேள்விக்கு உரிய பிள்ளை கையைத் தூக்கும். முத்துமாரிக்குக் கொடுத்தது இதயம் பற்றிய கேள்வி.

வந்தவர் நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும். தாளை வாங்கி மடித்து மேசையில் வைத்துவிட்டார். பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிற விஷயத்தையே கேட்கிறேன் என்று சொல்லி, ஆங்கிலத்தில், மண்பானையில் இருக்கும் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடு பெஞ்சில் இருந்த முத்துமாரியைக் கை காட்டினார்.

அப்போது பதினொன்று பத்து.

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பொறுமையாக இன்னொரு முறை கேட்டார், அதே ஆங்கிலத்தில். அந்தச் சொற்களில் ஒன்றுகூட நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதில்லை. "அந்தப் பானைக் கேள்விடி, உன் கேள்வி" என்று நான் தமிழில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆங்கில வழி வகுப்பில் அதிகாரி முன்னால் தமிழில் எப்படிச் சொல்வது? தலைமை ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, தன்னிடம் இருந்த ஒரே பதிலை எடுத்தாள்.

"தி ஹார்ட் ஹேஸ் ஃபோர் சேம்பர்ஸ். தி அப்பர் டூ சேம்பர்ஸ் ஆர் கால்டு..."

முழுவதையும் சொன்னாள். தப்பில்லாமல். பாதியில் ஜன்னல் பக்கம் சிரிப்பு கேட்டது. வேப்பமரத்தடியில் இருந்த தமிழ்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். "பானைக்குள்ள நாலு அறை இருக்காம்மா?" என்று தமிழில் கேட்டார். கெட்ட எண்ணமில்லை, இறுக்கத்தைத் தளர்த்தத்தான் கேட்டார்.

நானும் சிரித்தேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அதிகாரி சிரிக்கும்போது கூடச் சிரித்தால் ஆபத்து கடந்துவிடும் என்று உடம்பு தானாகவே கணக்குப் போட்டது. முத்துமாரி உட்காரும்போது அவள் பார்த்தது என் சிரிப்பைத்தான்.

பதினொன்று இருபதுக்கு அவர் அடுத்த வகுப்புக்குப் போனார். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அவரு என்ன கேட்டாரு?"

சொன்னேன்.

"பானைத் தண்ணியா?" என்றாள். "அதையா கேட்டாரு?"

பின்னால் ஒருவன், "ஏய், பானைக்கு ஹார்ட் அட்டாக்கு!" என்று கத்தினான். நான் அவனை அதட்டினேன். திரும்பும்போது அவள் போய்விட்டிருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து வருகைப் பதிவு எடுத்தபோது அவளும் இல்லை, பையும் இல்லை. ஓடிப்போய் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆபீசர் கெளம்பட்டும்மா. இப்பப் போயி பிள்ளையக் காணோம்னு சொன்னா எங்க போயி நிக்கும் தெரியுமா? வீட்டுக்குத்தான் போயிருக்கும்." நான் வகுப்புக்குத் திரும்பினேன். அதிகாரி மூன்றரைக்குத்தான் கிளம்பினார். அதுவரை நான் பாடம் நடத்தினேன். என்ன பாடம் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

இதில் உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் யார் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போங்கள். மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க டீச்சர். ஆபீசர்ட்ட இங்கிலீஷ்ல பேசணும்னு ஒரு வாரமா வீட்டுல ஒப்பிச்சுக்கிட்டே கெடந்துச்சு. பேசிருச்சா?"

நான் சொன்னதும் சிரிப்பு அப்படியே நின்றது. வீட்டுக்குப் போன் செய்தார். வரவில்லை என்றார்கள். சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் பேசினார். கீழக்குயில்குடியில் அவளுடைய பெரியம்மா வீடு. அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. "அங்குட்டுத்தான் போயிருக்கும்" என்று வண்டியை எடுத்தார். நான் பின்னால் போனேன்.

வைகைப் பாலத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பாலத்தில் நின்ற நேரம் என் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. இப்போதும் என் மகள் போனை எடுக்கத் தாமதமானால் என் கை அந்தச் சுவரைத்தான் பிடிக்கிறது.

பெரியம்மா வீட்டில்தான் இருந்தாள். அவ்வளவு தூரமும் நடந்தே போயிருக்கிறாள். ஒரு வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிகாலில் கொப்புளம். அப்பா அடிக்கக் கையை ஓங்கினார், ஓங்கிய கையால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏன் தாயி, இந்தப் பக்கம் வந்த?"

"இங்க யாருக்கும் நான் இங்கிலீஷ் மீடியம்னு தெரியாதுப்பா."

மறுநாள் காலை என் மகள் வேனுக்குக் காத்திருந்தபோது அவளிடம் அந்தப் பானைக் கேள்வியைக் கேட்டேன். "எவாப்பரேஷன்மா" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் விளக்கத்தை ஒப்பித்தாள். மழை நாளில் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை என்றேன். "அது சிலபஸ்ல இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். வீட்டில் ஒருத்தி, பள்ளியில் ஒருத்தி என்று இரண்டு பிள்ளைகளை இரண்டு லட்சியங்களோடு வளர்த்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றைத்தான் செய்திருக்கிறேன். இவளிடம் வேன் இருந்தது, டியூஷன் இருந்தது, விழுந்தால் தாங்க நான் இருந்தேன். முத்துமாரியிடம் கேள்வி மட்டும்தான் இருந்தது.

அவளை இடப்பக்கத்துக்கே மாற்றிவிடலாம் என்று கேட்டேன். எண்ணிக்கை மேலே போய்விட்டது, வருடத்தின் நடுவில் மாற்ற முடியாது என்றார் தலைமை ஆசிரியர். பதிவேடு எப்படியோ இருக்கட்டும், உட்கார மட்டுமாவது விடுங்கள் என்றேன். அதற்கு அவளுடைய அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "எறக்கிட்டாகன்னு சொல்லுவாக டீச்சர். ஏத்துனத எறக்காதீக." ஏற்றியது நான்தான்.

அவள் வலப்பக்கத்தில் மேலும் ஒரு வருடம் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டோடு நின்றுவிட்டாள். மூன்று முறை வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் டீ கொடுத்தார்கள். முத்துமாரி உள்ளறையிலிருந்து வரவில்லை. பிறகு ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா அடிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

நல்ல முடிவு ஒன்றை எழுதலாம் என்று இதைப் பல முறை தொடங்கி நிறுத்தினேன். இல்லாததை எழுத வரவில்லை. எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்யப் போவதில்லை. அதை வேறு யாரோ வேறு எங்கோ முடிவு செய்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளையை எந்த பெஞ்சுக்கு நகர்த்துவது என்று உங்களைக் கேட்பார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனையூர் வீட்டில் காலிங் பெல் அடித்தது. முத்துமாரி நின்றாள். உயரமாகிவிட்டாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்பு. பக்கத்தில் அவளுடைய சின்னத் தங்கை, ஐந்து வயது, என் கேட்டில் இருந்த தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். நான் எதை எதையோ சொல்லத் தொடங்கினேன். அன்று சிரித்ததைப் பற்றி இரண்டு வருடமாக மனதில் எழுதி வைத்திருந்ததெல்லாம் கோர்வையில்லாமல் வந்தது. அவள் கூச்சத்தோடு நெளிந்தாள்.

"விடுங்க டீச்சர். அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் வேற விஷயமா வந்தேன்."

பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். தொடக்கப் பள்ளியில் தங்கையைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலப் பிரிவு நிறைந்துவிட்டது, தமிழில்தான் இடம் என்கிறார்களாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்களாம்.

"தமிழ்லயே சேத்துருடா" என்றேன். "நான் தினமும் வந்து பாத்துக்கிறேன். இவளுக்கு எல்லாம் நல்லாப் புரியும். ஒன்னைய மாதிரியே..."

"என்னைய மாதிரி வேணாம்னுதான் டீச்சர் வந்தேன்" என்றாள். விண்ணப்பத்தை என் பக்கமாக நகர்த்தினாள். பயிற்றுமொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"தப்பு எம்மேலதான். நடுவுல ஏறுனேன், எனக்கு லேட்டாயிருச்சு. இவள ஒண்ணாப்புலருந்தே போட்டுருங்க டீச்சர். பழகிரும்."